பேனாக்கத்தியும் மறுபதிப்பும்



இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் இதற்குப் பேனாக்கத்தி என்று பெயர். ஆதலின் இவ்வவையில் இதனைப் பேசுவது முறையே. சுவிட்சர்லாந்தின் ஈபாக் சிற்றூரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891 முதல் படைவீரர்க்குக் கத்தி அளித்தார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் இரண்டு எஃகு விற்களே இருபுறக் கருவிகளையும் தாங்கின: இரண்டு அலகுகள், தமரூசி, திருப்புளி, தகர டப்பா திறப்பான், தக்கைத் திருகி. யாப்பறிந்தோர் இச்சிக்கனத்தை உணர்வர்.

சேகரிப்போர் முதலில் நோக்குவது அலகின் அடியில் பொறித்த எழுத்தையே. ‘விக்டோரியா’ என்பது 1909இல் மறைந்த எல்செனரின் அன்னை பெயர். ‘விக்டோரினாக்ஸ்’ என்றிருப்பின், துருவேறா எஃகின் பெயரும் அதனோடு சேர்ந்த 1921க்கு அக்கத்தி முற்பட்டதாகாது. எழுத்தமைதி கொண்டு ஏட்டின் காலம் துணியும் நமக்கு இம்முறை அந்நியமன்று.

2022இல் அந்நிறுவனமே 1897ஆம் ஆண்டுக் கத்தியை 9,999 படிகள் மீண்டும் வெளியிட்டது. மூலம் கிட்டாதார்க்கு அது நல்வரவு. தன்னை மறுபதிப்பென்று சொல்லிக்கொள்ளும் மறுபதிப்பை நான் மதிக்கிறேன். பழங்கத்தியைத் தீட்டிப் பளபளப்பாக்கி விற்போரிடமே எனக்கு வழக்கு. அவர்கள் பாடத்தைத் திருத்துவோர். மெருகேற்றும் சக்கரத்தில் தேய்ந்து மறைவது அந்தப் பொறிப்பு.