பெறுபேற்றுக்குப் பணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"கல்வியும் அரசாங்கமும்" என்னும் பொருள்பற்றிப் பேசும்படி உங்கள் செயலாளர் கேட்டிருந்தார். பொருள் பெரிது, தந்த நேரமோ அரை மணி. ஆகையால் ஒரு கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். பாடசாலைக்குப் பணம் கொடுப்பவர் பாடசாலையிடம் எத்தகைய கணக்கைக் கேட்கலாம்?

கணக்குக் கேட்பது பிழையன்று. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபொழுது அரசாங்கப் பணம் அவருக்கு இருக்கவில்லை. பொதுமக்கள் கொடுத்த பொருளும், வீடுகளில் உலையிடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியுமே அக்காலத்துச் சைவப் பாடசாலைகளைத் தாங்கின. அரிசி கொடுத்த தாய்க்கு அதன் பயன் என்னவென்று எவரும் அறிக்கை எழுதிக் காட்டவேண்டியதில்லை. பிள்ளை அவள் வீட்டுத் திண்ணையிலிருந்துதானே படித்தது! அரசாங்கம் பணம் கொடுக்கும்போது இந்த நிலைமை மாறிவிடுகிறது. கொடுப்பவர் தொலைவில் இருக்கிறார். பிள்ளையை அவர் காண்பதில்லை; பிள்ளையைப் பற்றிய காகிதத்தையே காண்கிறார். அந்தக் காகிதத்தில் எதை எழுதுவது என்பதிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

இங்கிலாந்தில் நடந்ததைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே பாராளுமன்றம் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென முதன்முதல் பணம் ஒதுக்கியது 1833இல். தொகை 20,000 பவுண். அது ஆண்டுதோறும் வளர்ந்து, 1860களின் தொடக்கத்தில் 8 இலட்சம் பவுணைத் தொட்டது. இவ்வளவு பணத்துக்கும் பலன் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அப்பொழுது கல்விக்குப் பொறுப்பாயிருந்த றொபேட் லோ என்பவர் 1862இல் ஒரு திருத்திய விதிக்கோவையைக் கொண்டுவந்தார். அதன்படி பிள்ளை ஒழுங்காக வந்தால் வரவுக்கு 4 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் வித்தியாதரிசியின் முன்னிலையில் சித்தியெய்தினால் மேலும் 8 சிலிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டு. இந்த ஏற்பாடு திறமையைத் தராவிட்டால் செலவையாவது குறைக்கும் என்று லோ பாராளுமன்றத்திலே சொன்னார். செலவு குறைந்தது உண்மை. 1865ஆம் ஆண்டளவில் ஆறரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

வகுப்பறையில் நடந்தது வேறு. சரித்திரமும் பூமிசாத்திரமும் பணம் தராதவை. ஆகவே பல பாடசாலைகளில் அவை ஒதுக்கப்பட்டன. ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்வித்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே தடையின்றி வாசித்த பிள்ளைகளும் உண்டென்று அக்காலத்தைப் பற்றி எழுதியோர் கூறுவர். சித்தியெய்துவான் என்று நிச்சயமான பிள்ளைக்கு மேலும் கற்பிப்பதில் இலாபமில்லை. எப்படியும் தவறுவான் என்ற பிள்ளையோடு மினைக்கெடுவதிலும் இலாபமில்லை. கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் ஒரு வித்தியாதரிசியாக இருந்து இதையெல்லாம் நேரிற் கண்டவர். தம்முடைய மேலதிகாரிகளின் திட்டம் என்றும் பாராது அதனை எதிர்த்து எழுதினார்.

இன்னொன்றையும் கேளுங்கள். வித்தியாதரிசிகள் எழுதிய அறிக்கைகளில் தமக்குப் பிடியாத பகுதிகளைக் கல்விப் பகுதியார் நீக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1864இல் பாராளுமன்றம் அதனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. லோ பதவி துறந்தார். பின்னர் நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று கண்டது, அதையும் சொல்லவேண்டும். ஆயினும் ஏழை உபாத்தியாயரிடம் சிலிங்குக் கணக்குக் கேட்ட அலுவலகமே தன் காகிதங்களுக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்தது வேடிக்கைதான். 1890களில் இம்முறை அங்கே முற்றாகக் கைவிடப்பட்டது.

இலங்கையும் இதற்குத் தப்பவில்லை. 1869இல் பொதுப் போதனாப் பகுதி ஏற்பட்டதன்பின், உதவிநன்கொடை பெற்ற நமது பாடசாலைகளும் பெறுபேற்றுக்கேற்பவே பணம் பெற்றன.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். ஐக்கிய அமெரிக்காவிலே, எந்தப் பிள்ளையும் பின்தங்க விடப்படலாகாது என்ற பொருள்படும் பெயரோடு ஒரு சட்டம் 2001இல் நிறைவேறி, 2002 ஜனவரியில் ஒப்பமிடப்பட்டது. 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. 2014ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி பெறவேண்டும்! தொடர்ந்து தவறும் பாடசாலைக்கு ஆசிரியரை மாற்றுதல் போன்ற தண்டனைகள். ஒரு நன்மையை மறைக்கக்கூடாது. கறுப்பினப் பிள்ளைகள், வறிய பிள்ளைகள், வலுவிழந்த பிள்ளைகள் ஆகியோரின் பெறுபேற்றைத் தனித்தனியே காட்டவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது; சராசரிக்குள்ளே அவர்களை ஒளித்துவைக்க இயலாமற் போயிற்று. ஆனால் அத்லாந்தா நகரிலே என்ன நடந்தது? பிள்ளைகளின் பிழையான விடைகளை அழித்துச் சரியான விடைகளை ஆசிரியர்களே குறித்தார்கள். 2011இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 44 பாடசாலைகளையும் 178 ஆசிரியர்களையும் அதிபர்களையும் குறிப்பிட்டது. 2015இல் 11 பேர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாயினர். அவ்வாண்டு டிசம்பரிலே சட்டமும் மாற்றப்பட்டது. பரீட்சை தொடர்ந்தது, தண்டனை விதிக்கும் பொறுப்பிற் பெரும்பகுதி மாநிலங்களிடம் போயிற்று.

அதே நாட்டில் கெந்தக்கி என்றொரு மாநிலம். அங்கே வறிய பகுதிகளின் 66 பாடசாலை மாவட்டங்கள் கூடி, தங்களுக்குப் போதிய பணம் தரப்படவில்லை என்று வழக்காடின. 1989இல் மாநில உயர் நீதிமன்றம், மாநிலத்தின் பாடசாலை அமைப்பு முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. குற்றம் யாருடையது? பிள்ளையினதுமன்று, உபாத்தியாயரதுமன்று, சட்டசபையினது! மறு ஆண்டே சட்டசபை விற்பனை வரியை 5 சதவீதத்திலிருந்து 6 ஆக உயர்த்தி, வறிய மாவட்டங்களுக்குக் கூடுதற் பணம் கொடுத்தது. பரீட்சையும் தண்டனையும் அந்தப் புதிய சட்டத்திலும் இருந்தனதான். ஆனால் அவற்றோடு பணமும் வந்தது.

இனி நம்முடைய வீட்டுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின்பாற் சேர்த்தன. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் நடத்திய நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளும் அவ்வாறே போயின. அச்சட்டங்களை முற்றாகக் குறைகூற நான் வரவில்லை. முகாமையாளர் வைத்ததே சட்டமென்றிருந்த நாளில் உபாத்தியாயர்கள் பட்ட பாடு எண்பது கடந்த பெரியோர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடைத்தபோது, ஊர் தன் பாடசாலையிடம் கேள்வி கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டது. இப்பொழுது நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "புலமைப்பரிசிலிலே எத்தனை பேர் சித்தி?" சித்தியெய்திய பிள்ளைகளின் படங்களை மதிலிலே பெரிதாகத் தூக்குகிறோம். ஏனைய பிள்ளைகளும் அந்தப் படலையால்தான் உள்ளே போய் வருகிறார்கள். தொகை குறைந்த ஆண்டில் பெற்றோர் பிள்ளையை நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகள் குறைய ஆசிரியரும் குறைகிறார். ஆசிரியர் குறையப் பெறுபேறு மேலும் விழுகிறது. இதுவும் பெறுபேற்றுக்குப் பணந்தான். எந்தச் சட்டமும் எழுதாமல் நாமே நடத்துகிறோம்.

மேலிடத்துக் கணக்கைப் பாருங்கள். கல்விக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் வேண்டுமென்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். அதற்குப் பின்னரும் அரசாங்கம் செலவிட்டது 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பெறுபேறு ஏன் குறைந்தது என்று அதிபரைக் கேட்பவர்களை, கணித ஆசிரியர் ஏன் வரவில்லை என்று யார் கேட்பது?

நீங்கள் கேட்கலாம். ஒவ்வோர் அரசாங்கப் பாடசாலைக்கும் ஓர் அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் பழைய மாணவரும் அதிலே இடம்பெறலாம். இங்கே இருக்கும் இளைஞர்களில் எத்தனை பேர் அதன் பொதுக்கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்துக்குப் பத்துப் பேராவது போங்கள். அதிபரைக் குறுக்குவிசாரணை செய்யப் போகவேண்டாம். பாவம், அவர் இரண்டு பக்கத்தாலும் அடிபடுகிறவர். அவரோடு இருந்து மூன்று தொகைகளை எழுதி வாங்குங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, உள்ளவர் எத்தனை? விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் எந்தப் பாடம் எத்தனை மாதம் ஆசிரியரின்றிக் கிடந்தது? ஐந்தாம் வகுப்பை முடித்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாதவர் எத்தனை பேர்? முதல் இரண்டையும் வலயக் கல்விப் பணிமனைக்குச் சங்கத்தின் பெயரால் எழுதி, விடை வரும்வரை மாதந்தோறும் நினைவூட்டுங்கள். மூன்றாவதிற் காணும் பிள்ளைகளை உங்கள் மாலை வகுப்புக்கு அழையுங்கள். அவர்களுடைய தொகையை மாத்திரம் எந்த மதிலிலும் எழுதவேண்டாம்.

அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு என்னுடைய உதவி வேண்டுமென்றால் செயலாளர் எந்நேரமும் வீட்டுக்கு வரலாம்.