கூண்டு சொல்வதும் குப்பம் கேட்பதும்

(காட்டுப்பள்ளிக் கரையோர மீனவர் கூட்டத்திற்கென அமைந்த பிரசங்கம்)



வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் தெற்கே எண்ணூர் முகத்துவாரத்துக்கும் இடையே, ஒரு புறம் கடலும் மறு புறம் கழியுமாக நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் காட்டுப்பள்ளி இருக்கின்றது. இக்கரை ஜனங்களுக்குக் கடலும் புதிதன்று, காற்றும் புதிதன்று. ஆயினும் 2013-ஆம் வருஷம் முதல் கப்பல்கள் வந்து போகும் துறைமுகம் ஒன்று இங்கே நடைபெறுகின்றது. அதனோடு ஒரு புதிய பாஷையும் வந்து சேர்ந்திருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காளக் குடாக்கடல் கொந்தளித்தவுடன், எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இத்தனையாம் எண் புயற்கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி வருகின்றது. எண் எல்லோர் காதிலும் விழுகின்றது. அதன் பொருளோ பலர் மனத்தில் ஏறுவதில்லை.

இதில் கேட்போர் குற்றம் ஒன்றுமில்லை. இந்தச் சமிக்ஞைகள் கப்பல் தலைவர்களுக்காக உண்டானவை. 1864-ஆம் வருஷத்தில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. மறு வருஷமே அத்துறைமுகத்தில் புயலறிவிப்பு முறை ஏற்படுத்தப்பட்டது. இந்திய வானிலை இலாகா தோன்றியது 1875-இல்.

இன்று வழங்கும் கூண்டு எண்கள் 11. எண் ஏற ஏற அபாயமும் ஒவ்வொரு படியாக ஏறுகின்றது என்பது ஜனங்களின் பொதுவான எண்ணம். அது சரியன்று. முதலிரண்டு எண்களும் தூரத்துச் செய்திகள். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே நேரக்கூடிய காற்றையும் புயலையும் முன்கூட்டிச் சொல்பவை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே தரத்து அபாயம். திசை மட்டுமே வேறு. புயல் செல்லும் வழிக்கு இடப்புறம் துறைமுகம் அமையுமானால் ஐந்து. வலப்புறம் அமையுமானால் ஆறு. துறைமுகத்தின் மேலாகவோ அருகிலோ கடக்குமானால் ஏழு. இன்னும் கடுமையான புயலுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்பன இதே முறையில் வரும்.

ஓர் உதாரணம் காண்க. 2022-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அதன் வழிக்கு வலப்புறத்தில் இருப்பது காட்டுப்பள்ளி. நமது கிழக்குக் கரையில் புயலின் வலப்புறத்தே காற்றானது கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும்; அலையையும் கரைமேல் ஏற்றும். ஆகவே "வலம்" என்னும் ஒரு சொல், படகை எவ்வளவு தூரம் மேலே இழுத்து வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. வெறும் எண்ணை மட்டும் கேட்டவனுக்கு இது எவ்வாறு விளங்கும்?

பதினோராம் எண்ணே யாவற்றினும் கவனிக்கத்தக்கது. வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். செய்தி அறுபடுவதையும் ஓர் அபாயமாகவே கணக்கிட்டு, அதற்கென ஒரு கூண்டு ஒதுக்கியிருக்கிறார்கள்.

சமிக்ஞைக்கு அடுத்த தடை சொல். காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலன்றிச் சாஸ்திரிகள் அதைப் புயல் என்று அழைப்பதில்லை. அதற்குக் கீழே உள்ளது தாழ்வு மண்டலம். "புயல் அல்ல, மண்டலந்தானே" என்று எண்ணிக் கட்டுமரம் தள்ளுவோர் உண்டு. 50 கிலோமீட்டர்க் காற்றே சிறு படகைக் கவிழ்க்கப் போதும். காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்றும், ஆழத்தைப் பாகக் கணக்கிலும் அறிந்தவருக்குக் கிலோமீட்டரும் பாகையும் சொன்னால் மட்டும் போதாது. அவர் அறிந்த சொல்லையும் அருகே வைக்க வேண்டும்.

மூன்றாவது தடை நம்பிக்கைக் குறைவு. கடலுக்குப் போகாத நாள் கூலியற்ற நாள். எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் இருந்தபின் புயல் வேறிடம் சென்றால், அடுத்த எச்சரிக்கைக்கு மதிப்புக் குறைகின்றது. 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகே கரை கடந்தது. ஆனால் அதற்கு முன்னரே சென்னையையும் வடகரையையும் வெள்ளத்தில் ஆழ்த்திற்று. "வேறிடம் போயிற்று" என்பதற்கு "இங்கே தீங்கில்லை" என்று அர்த்தமில்லை. இதை விளக்கிச் சொல்லுவோர் ஊருக்குள்ளேயே இருத்தல் அவசியம்.

இவ்விதம் செய்து காட்டிய ஊர்கள் உண்டு. 1998-ஆம் வருஷம் முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் செய்தி நிலையங்கள் அமைத்தனர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையார் வெளியிட்ட அலையுயரக் கணக்கைக் கணினி மூலம் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரைக்கே அறிவித்தனர். கணக்கு எங்கிருந்தோ வந்தது. சொன்ன குரலோ ஊர்க் குரல்.

இதன் பயன் 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆந் தேதி விளங்கிற்று. அவ்வகை நிலையமுள்ள நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். கடற்கோள் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்கு டெலிபோன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஜனங்கள் கரையை விட்டு நீங்கி உயிர் பிழைத்தனர். படகுகளும் வீடுகளும் சேதமுற்றன. அங்கே ஜனங்களைக் காத்தது கருவி மாத்திரமன்று; சொன்னவனை ஊர் அறியும், ஒலிபெருக்கியின் குரலுக்குச் செவி சாய்ப்பது பழக்கமாகவும் இருந்தது.

இதற்கு நேர்மாறானது 2017-ஆம் வருஷம் நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல். கன்னியாகுமரிக் கரையிலிருந்து பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கரையில் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது எவ்வளவு தவறு என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகையால் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யத்தக்க காரியங்கள் சில. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு மாலை கூடி, 11 கூண்டுகளின் பொருளையும் பலகையில் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். எழுத்தறியாதவர்க்குப் படமாக வரைவது நலம். அன்றாட அறிவிப்பின் கீழே, காற்றின் ஊர்ப் பெயரை ஒரு மூத்த மீனவரைக் கேட்டு எழுத வேண்டும். கடலுக்குச் சென்றுள்ள படகுகளின் பட்டியலை வைத்திருந்து, யாருக்குச் செய்தி போகவில்லை என்று பார்க்க வேண்டும். பட்டியல் எழுதுவதும் அறிவிப்பதும் பெண்கள் பொறுப்பிலும் இருக்கலாம். படகுகள் கடலில் இருக்கும் வேளையில் கரையில் நிற்போர் அவர்களே.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சொன்னவுடன் "விளங்கிற்றா?" என்று கேட்டால் எவரும் "விளங்கிற்று" என்றே சொல்வர். அவ்வாறு கேட்க வேண்டாம். "அண்ணே, நாளைக்குப் படகை எங்கே கட்டப்போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலில் செய்தி சேர்ந்ததா இல்லையா என்பது வெளிப்பட்டுவிடும். கூண்டு ஏற்றுவது துறைமுகத்தார் வேலை. அதைக் குப்பத்தின் சொல்லாக்கிப் பதிலையும் கேட்டு வருவது சங்கத்தின் வேலை. இரண்டும் சேர்ந்தாலன்றி அறிவிப்பு முற்றுப்பெறாது.