பெயரும் ஓட்டமும்

தில்லி நகரின் கரோல் பாக் பகுதியில் மாலை வேளையில் நடந்து செல்லும் தமிழரின் காதில் இரண்டு ஒலிகள் விழும். ஒன்று, பல்லாண்டுகளுக்கு முன் அங்கே குடியேறி இன்னும் எஞ்சியிருக்கும் நம்மவர் வீடுகளிலிருந்து வரும் தமிழ்ப் பேச்சு. மற்றொன்று, மோட்டார் சைக்கிள் கடைகளின் வாயிலில் நிறுத்தி முடுக்கிப் பார்க்கப்படும் புல்லட் வண்டிகளின் முழக்கம். முதல் ஒலி தெற்கேயிருந்து வந்தது என்பதை எல்லோரும் அறிவர். இரண்டாவது ஒலியும் தெற்கேயிருந்து வந்ததுதான் என்பதை அறிந்தவர் சிலரே. பஞ்சாபியர் அவ்வண்டியைத் தங்கள் வயலில் விளைந்த பொருளாகவே கருதி வருகின்றனர்.

வானொலியில் கம்பெனிகளின் பெயரை எடுத்துச் சொல்வது வழக்கமன்று. ஆயினும் இன்று நாம் பேச வந்ததே பெயரைப் பற்றி. ஆகவே நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நமக்கு எந்தக் கம்பெனியிடமும் கடனுமில்லை, பகையுமில்லை.

நம் வீட்டு மாடியறையில் கோவில்பட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் குடியிருக்கிறார். குருகிராமில் வேலை. ஊரில் தங்கையின் திருமணத்துக்கென மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புபவர். குளிர் நீங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, ஒரு குரூசர் வண்டி வாங்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் கூட வந்து பார்க்க வேண்டும்" என்றார். எதற்கு என்று கேட்டோம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தில்லியைத் தொட்டுக்கொண்டு சென்று, மதுரை, விருதுநகர் வழியாகக் கோவில்பட்டியையும் தொட்டுக் கன்னியாகுமரியில் முடிகிறது. அந்த ஒரே சாலையில் ஒருமுறையேனும் ஊர் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய கனவு. குறை சொல்லத்தக்க கனவன்று. வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் யாருக்குத்தான் ஊருக்குச் செல்லும் சாலை கனவில் வராதிருக்கிறது?

அவர் மனத்தில் மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது, அமெரிக்கப் பெயர் தாங்கிய, யாரோ ஓட்டி விற்கும் பழைய வண்டி. இரண்டாவது, நம் சென்னைக் கம்பெனியின் 650 சி.சி. வண்டி. மூன்றாவது, அதே கம்பெனியின் 350 சி.சி. வண்டி. மனம் முதலாவதன் மேல்தான் இருந்தது. அதற்கான மாதத் தவணையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஊருக்கு அனுப்பும் தொகையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பெயருக்காகத்தானே அண்ணாச்சி பணம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நாம் உடனே விடை சொல்லவில்லை. பெயர் என்பது வெறுங்காற்றன்று. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது விளங்கும்.

ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1903இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தோன்றியது. அவ்வண்டியின் ஒலி உலகறிந்தது. அந்த ஒலி விளம்பரக்காரர் உண்டாக்கியதன்று. 45 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், இரண்டின் பிஸ்டன் தண்டுகளும் ஒரே அச்சில் பூட்டப்பட்டிருப்பதால் எரிபொருள் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒன்றையடுத்து ஒன்று விரைவாக வெடித்து, பிறகு சற்றே தயங்கி, மீண்டும் வெடிக்கிறது. பொறியியலார் கண்ணுக்கு இது ஒரு கோணல். ஓட்டுபவர் காதுக்கோ இதுவே தாளம். 1994இல் அக்கம்பெனி இந்த ஒலியையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. மற்றக் கம்பெனிகள் எதிர்த்தன. வழக்காடிக் களைத்து 2000இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆனால் அதே பெயர் ஒரு காலத்தில் அழியும் நிலைக்கும் வந்தது. 1969இல் வேறொரு பெருங்கம்பெனி அதனை வாங்கியது. உற்பத்தியைப் பெருக்கும் அவசரத்தில் தரம் சரிந்தது. சொந்த நாட்டினரே ஜப்பானிய வண்டிகளை நாடினர். 1981இல் அக்கம்பெனியின் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து அதனை மீட்டு வாங்கினர். 1983இல் அமெரிக்க அரசாங்கம் 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகள்மீது கூடுதல் வரி விதித்துக் கைகொடுத்தது. 1984 மாதிரிகளில் எண்ணெய் கசியாத, உறுதியான புதிய எஞ்சின் வந்தது. அதன் பின்னரே பெயர் மீண்டும் ஒளி பெற்றது. பாட்டன் சேர்த்த சொத்தைப் பேரன் எத்தனை நாள் உட்கார்ந்து உண்ண முடியும்? அதுதான் அங்கே நடந்தது.

நம் நாட்டுக்கு அப்பெயர் வந்த கதையும் கேட்கத்தக்கது. 2010இல் விற்பனை தொடங்கிற்று. அரியானா மாநிலத்துப் பாவலில் வண்டிகள் பூட்டப்பட்டன. 2020 செப்டம்பரில், இந்தியாவில் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்துவதாக அக்கம்பெனி அறிவித்தது. இனி உதிரிப் பாகம் எங்கே, பழுது பார்ப்பவர் யார் என்ற கவலை வாங்கியவர்களுக்கு எழுந்தது இயற்கையே. அடுத்த மாதமே ஹீரோ கம்பெனி அப்பொறுப்பை ஏற்க உடன்பட்டது. 2023இல் அதே அமெரிக்கப் பெயருடன் 440 சி.சி. வண்டி ஒன்று வந்தது. ஒரே சிலிண்டர், செய்பவர் ஹீரோ, இடம் இராசத்தானத்து நீம்ரானா. அது தாழ்ந்த இருக்கையுடைய குரூசரன்று, நிமிர்ந்து அமரும் வண்டி. நல்ல வண்டி என்றே பலரும் சொல்கின்றனர். ஆனால் மில்வாக்கியின் இரண்டு சிலிண்டர்த் தாளத்தை அதில் தேடுபவர் ஏமாறுவர். பெயர் கடல் கடந்து வரும். அதன் கூடவே எஞ்சினும் வந்திருக்கிறதா என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி. துப்பாக்கியைப் போல் உறுதியாகச் செய்யப்பட்டது என்பதைத் தன் விளம்பர வாசகமாகக் கொண்டது. நம் இராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட் வண்டிகளை விரும்பியதனால், 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டது. முதலில் உதிரிகளாக வந்தவற்றைப் பூட்டினர்; பின்னர் முழுவதையும் இங்கேயே வார்த்தனர். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970ஆம் ஆண்டையொட்டி மறைந்தது. திருவொற்றியூரிலோ அடுப்பு அணையவில்லை. 1977 முதல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றது. தாய்வீட்டில் அணைந்த விளக்கை மகள் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது போலத்தான் அது.

அந்தப் பழைய புல்லட்டிடம் என்ன இருந்தது? சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டம், கனத்த சக்கரம். ஆகவே எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் வலிமை மிகுந்திருந்தது. கோதுமை மூட்டையை வைத்துக்கொண்டு மண்பாதையில் செல்லும் பஞ்சாப் விவசாயிக்கும், மலைச்சாலையில் ஏறும் சிப்பாய்க்கும் வேண்டியது அதுவே. பெயர் அப்படித்தான் வந்தது. பிறகு பெயர் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், பாலி நகரிலிருந்து சோத்பூர் செல்லும் சாலையில் 1988இல் விபத்தில் இறந்த இளைஞர் ஒருவரின் புல்லட்டுக்கே இன்று கோயில் இருக்கிறது. வழிப்போக்கர் நின்று வணங்கிச் செல்கின்றனர். வழிபடுவோர் நம்பிக்கையை நாம் குறைத்துப் பேசவில்லை. கண்ணாடிக்குள் நிற்கும் அந்த வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய தொல்லை இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

எண்ணெய் கசிந்த காலம் உண்டு. உதைத்துக் கிளப்பக் கால் நொந்த காலமும் உண்டு. அவற்றையெல்லாம் அன்பர்கள் வண்டியின் குணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். 2020இல் அக்கம்பெனி மீட்டியார் 350 என்னும் குரூசரைக் கொண்டுவந்தபோது, புதிய எஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் தண்டு ஒன்றைச் சேர்த்தது. முன்னைப் போல் முழக்கமில்லை, கை நடுங்கவில்லை என்று வருந்தியவர்களை நாமே கண்டிருக்கிறோம். குறை நீங்கியதற்காக வருந்தும் நிலைக்கு மனிதரைக் கொண்டுவரப் பெயருக்கு ஆற்றல் உண்டு.

இவ்வளவும் கேட்ட நம் இளைஞர் மறுபக்கம் சாய்ந்துவிட்டார். "அப்படியானால் எண்ணைப் பார்த்தே வாங்குகிறேன். 350 வண்டிக்கு 20 குதிரைத்திறன்தான். 2023 வரை புனேயில் செய்த 373 சி.சி. பந்தயச் சாயல் வண்டிக்கு 43 குதிரைத்திறன்" என்றார். பெயரை வணங்குவோர் ஒரு சாரார் என்றால், எண்ணை வணங்குவோர் மற்றொரு சாரார். அந்த 43 குதிரைகளும் எஞ்சின் நிமிடத்துக்கு 9000 முறை சுழலும்போதுதான் வெளிப்படும். இழுப்பு வலிமையின் உச்சம் 7000 சுற்றில். மீட்டியாரின் உச்ச இழுப்பான 27 நியூட்டன் மீட்டர் 4000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. குரூசர் என்பது தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிய கால், கைக்கெட்டும் அகன்ற கைப்பிடி ஆகியவற்றோடு அவசரமில்லாமல் நெடுந்தூரம் செல்வதற்கென அமைந்தது. குறைந்த சுற்றில் நிறைந்த இழுப்பு அதற்குத் திறன். உச்ச வேகம் அன்று. மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் அந்த 350 இசைவாக ஓடும். அதற்கு மேல் நெடுநேரம் விரட்டினால் மூச்சு வாங்கும். அதையும் மறைக்கக்கூடாது.

கடையில் கேட்டு, இரண்டு சென்னை வண்டிகளையும் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தோம். காலியான சாலையில் அன்று. திங்கட்கிழமை காலை, அவர் நாள்தோறும் செல்லும் வழியில், அலுவலக நேர நெரிசலில். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்து வாங்குபவர்கள் மற்ற ஆறு நாட்களும் ஏமாறுகிறார்கள் என்பது நம் அனுபவம். 650 வண்டி இரண்டு சிலிண்டர்களோடு 47 குதிரைத்திறன் உடையது. நெடுஞ்சாலையில் அதற்கு ஈடு அதுவே. ஆனால் எடை 241 கிலோ. 350க்கு 191 கிலோ. இடையே உள்ள 50 கிலோ என்பது ஒரு பெரிய அரிசி மூட்டை. அந்த மூட்டையையும் சேர்த்து நம் சந்தில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். தள்ளினார், முகம் சிவந்தது. தரையிலிருந்து அடிவயிற்றின் உயரம் 350க்கு 170 மில்லிமீட்டர், 650க்கு 135. நம் தெருமுனை வேகத்தடையை அவர் அதுவரை கவனித்ததே இல்லை. அன்று இறங்கி நின்று கவனித்தார்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். தை மாதத்தில் ஓட்டிப் பார்த்துச் சித்திரை வெயிலை அறிய முடியாது. முன்னொரு காலத்தில் நாமும் பெயரை நம்பிப் பெரிய வண்டி ஒன்று வாங்கினோம். முன்பின்னாக நிற்கும் இரண்டு சிலிண்டர்களில் பின்னது தொடைக்குக் கீழேயே இருந்தது. அதற்குக் காற்றும் குறைவாகவே கிடைத்தது. மே மாதத்துச் சிவப்பு விளக்குகளில் நாம் பட்ட பாட்டை விரித்துரைக்க நேரமில்லை. ஒரு சிறு பாகம் உடைந்தபோது ஐந்து வாரம் காத்திருந்தோம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் தேநீர் கொடுத்து உபசரித்தார். பாகம் மட்டும் வரவில்லை.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் பெயருக்கும் எண்ணுக்கும் அப்பால் வேறு சில கணக்குகளும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 40 விழுக்காடு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இதற்காகவே 2021இல் பாரத் வரிசைப் பதிவெண் ஏற்பட்டது. அரசு ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியரும் அதைப் பெறலாம். மாற்றலாகிச் செல்ல நேரும் நம்மவர் வாங்குமுன்பே இதை விசாரிப்பது நலம்.

நம் இளைஞர் ஒரு வாரம் யோசித்து 350 வண்டியையே வாங்கினார். ஊருக்கு அனுப்பும் தொகையில் கைவைக்கவில்லை. நெடுஞ்சாலைப் பயணம் வருகிற ஆண்டு என்கிறார். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் வீதம், ஒரு வாரம். வண்டி வந்த அன்று மாலை தாயாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். எந்த ஊர்க் கம்பெனி என்று அம்மையார் கேட்டிருக்கிறார். சென்னைப் பக்கம் செய்ததுதான் அம்மா என்றாராம் இவர். "மெட்ராசிலே செய்த வண்டியை வாங்கவாடா அவ்வளவு தூரம் போனாய்?" என்று மறுமொழி வந்ததை, மாடிப்படியில் நின்றுகொண்டு நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.