மருந்தோடு வரும் மரக்கலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இளைஞன் ஒருவன் மேடை ஏறினால் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவான் என்ற அச்சம் பெரியோருக்கு இருப்பது நியாயமே. ஆகையால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று நான் புத்தி சொல்ல வரவில்லை. என்னுடைய ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அதற்கு முன்னர், கப்பல் ஏறி வைத்தியம் செய்யும் சிலருடைய வரலாற்றை உங்கள் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலே கிரிபாட்டி என்றொரு நாடு இருக்கிறது. தீவுகள் முப்பத்து மூன்று. அவை சிதறிக் கிடக்கும் கடற்பரப்போ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதற்கு வடக்கே மார்ஷல் தீவுகள். பவளப் பாறை வளையங்களாகிய 29 தீவுக்கூட்டங்களும் தனித்தீவுகள் ஐந்தும் சேர்ந்தது அந்நாடு. அங்கே ஓர் ஓரத்துத் தீவிலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் முதலிற் பார்ப்பது வைத்தியர் முகத்தையன்று, கடலின் முகத்தையே. கடல் இடங்கொடுத்தாற்றான் மருந்து, இல்லையேல் விதி.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்தத் தென்கடலிலே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் வைத்திய அதிகாரியாக இருந்தார் வில்லியம் வால்ஷ் என்னும் இளைஞர். மிகச் சாதாரண மருந்து இருந்தால் பிழைத்திருக்கக் கூடிய பிள்ளைகள் அத்தீவுகளிலே மடிவதை அவர் கண்டார். யுத்தம் முடிந்தது, ஊர் திரும்பி இருதய வைத்தியராகப் புகழ் பெற்றார். ஆயினும் கண்ட காட்சி அவரை விடவில்லை. 1958ஆம் ஆண்டிலே ஜனாதிபதி ஐசனோவரிடம் சென்று, சும்மா கிடந்த கடற்படை வைத்தியக் கப்பல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். கொரிய யுத்தத்திலே காயப்பட்ட போர்வீரரைச் சுமந்த கப்பல் அது. அதற்குப் புதிய பெயர் சூட்டினார்கள்: ‘ஹோப்’, அதாவது ‘நம்பிக்கை’. 1960ஆம் ஆண்டு அது இந்தோனேசியாவை நோக்கிப் புறப்பட்டது. 1974ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை பதினொரு பயணங்கள் செய்தது.

அவற்றுள் ஒரு பயணம் நமது நாட்டுக்கே வந்தது. 1968ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்திலே நின்றது. இங்கு வீற்றிருக்கும் பெரியோருள் சிலருக்கு அந்த வெள்ளைக் கப்பல் நினைவிருக்கக்கூடும். அதிலே ‘இரும்புப் பசு’ என்று செல்லப் பெயர் பெற்ற இயந்திரம் ஒன்று இருந்தது. கடல்நீரைச் சுத்திகரித்து, பால்மாவையும் நெய்யையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பாலாகத் தரும். உப்புநீரைப் பாலாக்கும் பசுவைப் புராணத்திலும் நாம் கேட்டதில்லை!

ஆனால் அந்தப் பசுவைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது அக்கப்பலின் ஒழுங்கு. அழைக்காத நாட்டுக்கு அது போவதில்லை. பெரிய வைத்தியர்கள் தங்கள் தொழிலை நிறுத்திவிட்டு, ஊதியமின்றி, இரண்டு மாதம் இரண்டு மாதமாக முறைவைத்து வந்தார்கள். நோயைத் தீர்ப்பதோடு அமையாமல், உள்ளூர் வைத்தியருக்கும் தாதிமாருக்கும் தமது வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். கப்பல் என்றோ ஒருநாள் நங்கூரம் தூக்கும். கற்றவன் கரையிலே நிற்பான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இந்த உண்மை நமக்குப் புதிதன்று. நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். கடல் கடந்து வந்த வைத்தியர் கதைகள் அங்கே எங்களுக்குச் சொல்லப்பட்டன. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்குவித்தார். அவரிடம் கற்று வெளியேறிய தமிழ் வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர் 1873ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பினார். அவர் வித்தை திரும்பிப் போகவில்லை. அவர் கொண்டுவந்த சமயத்தைப் பற்றி நம்மவர் எவ்விதமும் எண்ணலாம். ஆனால் நன்றி என்பது சமயம் பார்த்துச் செலுத்தும் காசு அன்று.

“இவையெல்லாம் வெள்ளைக்காரர் செய்யக்கூடிய காரியம், பணமுள்ளவர் செய்யக்கூடிய காரியம்” என்று ஒரு நண்பர் என்னிடம் கூறினார். அவருக்கு விடையாக அசாம் நாட்டைக் காட்டுகிறேன். பிரமபுத்திரா நதியின் நடுவே எண்ணிறந்த மணற்றீவுகள் உண்டு. வெள்ளம் வந்தால் சில தீவுகள் கரைந்துபோம். வேறு சில புதிதாக எழும். பாதையில்லை, பாலமில்லை, ஆஸ்பத்திரியுமில்லை. சஞ்சய் ஹசாரிகா என்னும் பத்திரிகையாளரும் அவரது ஆய்வு நிலையத்தாரும் 2005ஆம் ஆண்டிலே திப்ருகர் என்னும் இடத்தில் ஒரு படகை வைத்தியசாலையாக்கி நீரில் விட்டார்கள். வெளிநாட்டுக் கப்பல் அன்று. அந்நதிக்கரைத் தச்சரே செய்யும் படகு. வைத்தியர், தாதி, மருந்து கலப்போர், இரத்தம் சோதிப்போர், மாலுமிகள், சமையற்காரர் எல்லாரும் அதிலேயே உண்டு உறங்கித் தீவு தீவாகச் செல்வார்கள். பின்னர் அரசாங்கமும் கைகொடுத்தது. ஒரு படகு பதினைந்து படகாயிற்று. அந்த முதற் படகின் பெயர் ‘ஆகா’. அசாமிய மொழியிலே அதன் பொருள் என்ன தெரியுமா? நம்பிக்கை! ஒருவரை ஒருவர் கண்டறியாத இரு கூட்டத்தார், இரு வேறு நீர்நிலைகளில், ஒரே பெயரைச் சூட்டினார்கள்.

சபையோர்களே, வள்ளுவர் பெருமான் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன் ஒன்று. நாற்புறமும் நிலஞ்சூழ்ந்த ஊருக்கு அது போதும். தீவிலே பிறந்த நமக்கு ஐந்தாவது கூறு ஒன்று வேண்டியிருக்கிறது. அவன்தான் தோணிக்காரன். வைத்தியரை நோயாளியிடமோ நோயாளியை வைத்தியரிடமோ கொண்டு சேர்ப்பவன். ‘ஹோப்’ கப்பலுக்கும் ஒரு மாலுமி வேண்டியிருந்தது; ‘ஆகா’வுக்கும் மணற்றிட்டு அறிந்த ஓடக்காரன் வேண்டியிருந்தது.

நம் மண்ணிலே இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மாசி மாதம் முதல் வைகாசி வரை, வன்னிக் கரையிலே காயப்பட்டுக் கிடந்தோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் வந்து ஏற்றிச் சென்றது. காயப்பட்டோரும் நோயாளரும் உடன் சென்ற உறவினருமாகப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு கடல் வழியே கரைசேர்ந்தனர். கப்பல் கரைக்கு வர இயலாது. கரையிலிருந்து கப்பல் வரைக்கும் அவர்களைக் கொண்டுபோனவை மீனவர்களுடைய சிறு வள்ளங்கள். கப்பலின் பெயரை உலகம் எழுதிவைத்தது. வள்ளத்தைத் தள்ளிய கைகளின் பெயரை யார் எழுதினார்கள்?

இதோ, நமது கரைக்கு அண்மையிலே இரணைதீவு. 1992ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த அத்தீவு மக்கள், 2018ஆம் ஆண்டிலே தாமே வள்ளம் ஏறித் தம் மண்ணுக்குத் திரும்பினார்கள். அங்கே ஒரு தாய்க்கு வயிற்றுநோவு கண்டால், முதலில் வள்ளம்; கடல் கடந்து இரணைமாதா நகர்க் கரை சேர்ந்த பின்னரே வீதியும் வாகனமும்.

நாமும் அதை அறியாதவர்களல்லோம். மன்னாருக்குப் பாலம் இருப்பதால் நாம் தீவார் என்பதை மறந்துவிட்டோம். 1990ஆம் ஆண்டிலே அந்தப் பாலம் தகர்க்கப்பட்டபோது மறதி தெளிந்தது. புதிய பாலம் 2010ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அந்த முதல் ஆண்டின் ஒரு வாடைக்கால இரவிலே, பெருநிலக் கரையிலிருந்த எங்கள் அம்மம்மாவுக்குப் பிரசவ வேதனை கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டார். கடலிலே விளக்கு வைக்க முடியாத காலம். ஊரில் ஒரு மீனவ இளைஞர் எழுந்து வந்தார். நம் சமயத்தவர் அல்லர். நம் உறவினரும் அல்லர். விளக்கின்றி, இயந்திரமின்றி, சவள் தாங்கியே அம்மம்மாவை அக்கரை சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் என் சின்னம்மா. அப்பப்பா பணம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. “பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தோணியைத் திருப்பினாராம். இந்தக் கதையைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

இனி, நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம்.

சென்ற ஆண்டு விடுமுறையிலே அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். நீரிழிவினால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தூரத்து நகரம் ஒன்றின் வைத்தியசாலைக்குப் போகும்படி துண்டு கொடுத்திருந்தார்கள். “தம்பி, அங்கே எழுதியிருக்கிறது ஒன்றும் எனக்கு விளங்காது. ஒரு நாளைக்கு என்னோடு கூட வருவியோ?” என்று கேட்டார். எனக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. “படிக்க வேண்டியிருக்கிறது ஐயா” என்றேன். “அதுவும் சரிதான், நீ படி” என்று சொல்லி நடந்தார். தனியே போனார். எந்த வாசல், எந்த இலக்கம், எந்த வரிசை என்று தெரியாமல் மாலைவரை நின்று, கண்ணைக் காட்டாமலே திரும்பிவிட்டார். மறுபடி போக நான்கு மாதமாயிற்று. ஒரு கண்ணிலே பார்வை முற்றாகப் போய்விட்டது. முன்னரே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னாராம்.

நண்பர்களே, விளக்கில்லாத இருட்டிலே எங்கள் குடும்பத்துக்கு வழி கண்ட கண் அது. நானோ பரீட்சையில் நல்ல புள்ளி பெற்றேன். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாணமாக இருக்கிறது. அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். “உனக்குப் பரீட்சைதானே தம்பி” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

பசிபிக் கடலுக்கு வைத்தியக் கப்பல் அனுப்ப நம் சங்கத்தால் ஆகாது. வைத்தியராவதும் எல்லாராலும் ஆகாது. ஆனால் வள்ளுவர் சொன்ன நான்காம் கூறாகவும், நான் சொன்ன ஐந்தாம் கூறாகவும் இருக்க நம்மில் யாருக்குத் தகுதியில்லை? அதற்கு வேண்டியது எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு வாலிபனும், மாதத்தில் ஒரு பகலும்.

ஆகவே மூன்று காரியங்களை இச்சபையின் முன் பணிவுடன் வைக்கிறேன். முதலாவது, நம் சங்க வாசிகசாலையிலே ஒரு கொப்பி வைப்போம். தூரத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டிய எவரும், எந்தச் சமயத்தவராயினும், அதிலே தம் பெயரையும் நாளையும் பதியட்டும். நாம் முறைவைத்து உடன் செல்வோம். இரண்டாவது, அங்கத்தவர் ஒவ்வொருவருடைய இரத்த வகையையும் அதே கொப்பியின் மறுபுறத்தில் எழுதுவோம், முதலுதவியும் கற்போம். மூன்றாவது, அவசர வேளையிலே வள்ளமோ வாகனமோ தர உடன்படும் சம்மாட்டிமார், சாரதிமார் பெயரைப் பெரியோர்கள் கேட்டு எழுதித் தருவார்களாக. எங்கள் சொல்லைவிட உங்கள் சொல்லுக்கு இக்கரையிலே மதிப்பு அதிகம்.

கொப்பியை நானே வாங்கி வந்திருக்கிறேன். அது இந்த மேசைமீது இருக்கிறது. முதற் பக்கத்திலே ஒரு பெயர் எழுதியாயிற்று. அந்தப் பெரியவர் வருகிற செவ்வாய்க்கிழமை மற்றக் கண்ணைக் காட்டப் போகவேண்டும். உடன் செல்வது நான். அடுத்த நாளுக்கு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்து போகும்போது, தயவுசெய்து இந்த மேசைப் பக்கமாகப் போங்கள்.