பாடப்புத்தகத்துக்கு அடுத்த புத்தகம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



மேடை ஏறுவதற்கு முன் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஜாவா செமஸ்டர்ல நல்ல மார்க் வாங்கிட்டேன். இதுக்கு மேல பெரிய புத்தகம் எல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதே என் பேச்சு.

முதலில் ஒன்று. அடிப்படை நூலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமி அவர்களின் நூல்களில்தான் நம்மில் பலர் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற சொற்களையே முதன்முதலில் பார்த்தோம். தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கும் புரிகிற எளிய ஆங்கிலம். ஆனால் அடிப்படை நூல் "எப்படி எழுதுவது" என்று சொல்லும். "ஏன் அப்படி எழுத வேண்டும், எங்கே எழுதக்கூடாது" என்பதற்கு அடுத்த நூல் வேண்டும்.

"ஏன்" என்ற கேள்வி நம் பாடிக்குப் புதிதல்ல. இங்கிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள், "ஒய்-ஒய் அனாலிசிஸ்" என்பார்கள். ஒரு பழுது வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேரைப் பிடிப்பது. நல்ல மேல்நிலை நூல் செய்வதும் அதுதான்.

ஓர் உதாரணம். ஜாஷுவா பிளாக் எழுதிய 'எஃபெக்டிவ் ஜாவா' என்ற நூல் 2001-ல் வந்தது. 1998-ல் ஜாவாவில் சேர்க்கப்பட்ட கலெக்ஷன்ஸ் பகுதியை வடிவமைத்தவர் அவர். முதல் பதிப்பில் 57 அறிவுரைகள், மூன்றாம் பதிப்பில் 90. அவற்றில் ஒன்று: ஈக்வல்ஸ் எழுதினால் கூடவே ஹாஷ்கோடும் எழுது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், உதிரி பாகப் பட்டியலில் ஒரே பாகம் இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நாலு பேர் இரண்டு நாள் தேடினோம். சீனியர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்து, "ஈக்வல்ஸ் இருக்கு, ஹாஷ்கோட் எங்கப்பா?" என்றார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

விஷயம் இதுதான். பாடியின் பின்கோடு 600050, அம்பத்தூரின் பின்கோடு 600053. ஒரே முகவரியை எழுதிய இரண்டு கடிதங்களில் பின்கோடு மட்டும் மாறினால், அவை வேறு வேறு தபால் நிலையத்துக்குப் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆளே இருக்காது. ஹாஷ்செட்டும் அப்படித்தான். முதலில் ஹாஷ்கோடைப் பார்த்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்கிறது. அதற்குப் பிறகுதான் ஈக்வல்ஸ். பாகம் ஒன்றே ஆனாலும் பெட்டி வேறாகிவிட்டால் பட்டியலில் இரண்டாகத்தான் நிற்கும்.

இன்னொன்று. இன்ஹெரிட்டன்ஸ் எதற்கு என்று கேட்டால், "எழுதியதையே மறுபடி பயன்படுத்த" என்று எழுதி முழு மார்க் வாங்குகிறோம். ஹாஸ்டல் மெஸ்ஸில் அடுக்கிய தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேதான் வைக்கலாம், மேலிருந்துதான் எடுக்கலாம். அதுதான் ஸ்டாக். ஆனால் ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ் வெக்டாரிலிருந்து பிறந்ததால், அடுக்கின் நடுவிலும் தட்டைச் செருகலாம்! மொழியை உருவாக்கியவர்களின் நூலகத்திலேயே இது இருக்கிறது. பழைய புரோகிராம்கள் அதை நம்பி ஓடுவதால் இன்றும் மாற்ற முடியவில்லை. "ஸ்டாக் என்பது ஒரு வகை வெக்டாரா?" என்று கேட்டுப்பார்த்து, இல்லையென்றால் அதை உள்ளே ஒரு உறுப்பாக வைத்துக்கொள் என்கிறது அந்நூல். இந்தத் தெளிவு ஜாவாவுக்கு மட்டுமல்ல, சி பிளஸ் பிளஸ், பைத்தான் எதற்கும் உதவும்.

புத்தகம் பழசாகிவிடாதா என்று கேட்பீர்கள். சில பக்கங்கள் பழசாகும். ஆனால் ஃபைனலைசரைத் தவிர்க்கச் சொல்லி அவர் 2001-லேயே எழுதினார். 2017-ல் ஜாவா 9 வந்தபோதுதான் மொழியே அதைக் கைவிட வேண்டியது என்று அறிவித்தது. காரணத்தோடு சொன்ன அறிவுரைக்கு ஆயுள் அதிகம்.

இப்போது கேட்டவுடன் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. அதனால் எழுதத் தெரிந்தவனுக்கு முன்பிருந்த மவுசு இல்லை. வந்தது சரியா, ஆறு மாதம் தாங்குமா என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. வேலை தேடப்போகும் தம்பி தங்கைகள் இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம்.

எப்படிப் படிப்பது? முதல் நாளே பெரிய புத்தகத்தைத் தூக்காதீர்கள்; ஒன்றும் ஏறாது, பயம்தான் வரும். நீங்களே ஒரு ஐந்நூறு வரி எழுதி, அது தகராறு செய்த பிறகு திறங்கள். ஒரு நாளைக்கு ஒரு அறிவுரை போதும். டைப் செய்து ஓட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே அதை மீறி, என்ன உடைகிறது என்று பாருங்கள். ஆங்கிலம் தடுக்கினால் இரண்டு பேராக உட்கார்ந்து தமிழில் பேசிப் படியுங்கள். விலை அதிகம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போய்த் தேடிப்பாருங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்லூரிக்கு நினைவுப் பரிசு தருகிறோம். இந்த ஆண்டு, நாம் படித்து முடித்து அலமாரியில் சும்மா இருக்கும் இத்தகைய நூல்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்போம். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கூடவே மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, இரண்டு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு அத்தியாயம் படிப்போம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.