நான் போட்ட டூர் பிளான்

(முன்னாள் மாணவர் சங்கக் குடும்பச் சந்திப்பில், சுற்றுலாவுக்கு முந்தைய நாள் மாலை ஆற்றிய உரை)



நாளைக் காலை நாமெல்லாம் மாமல்லபுரம் போகிறோம். "உனக்குச் செய்யூர்தானே, அந்தப் பக்கத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் கட்டளையிட்டு விட்டார். ஊர்ப் பெருமை பேச யாருக்குக் கசக்கும்? எங்கள் கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 வேதாளங்கள் உண்டு. கடலோரமாகப் போனால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்து இடிபட்டது. மிச்சமிருக்கும் செங்கல் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் நான் போட்ட ஒரு டூர் பிளானைப் பற்றி.

அம்மா செய்யூரிலேயே வாழ்ந்தவர். இருந்தும் மாமல்லபுரம் போனது ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில். இந்தக் குறையைத் தீர்த்தே விடுவது என்று ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற்பாடு செய்தேன். அம்மா, மனைவி, பத்து வயது மகள், நான். ஒரே நாளில் ஏழு இடம்! மதுராந்தகம் ஏரிகாத்த ராமர், வேடந்தாங்கல் பறவைகள், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, முதலியார்குப்பம் படகுத்துறை, கடைசியில் ஆலம்பரை. எங்கே எத்தனை நிமிஷம், எங்கே டிபன், எங்கே சாப்பாடு, எத்தனை லிட்டர் டீசல் என்று பட்டியல் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். சிரிக்காதீர்கள். இந்தக் கல்லூரியில் படித்தவன் வேறு எப்படிப் போடுவான்?

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு ஓட்டலில் டிபன். கழிவறை பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம், முதலாளி ஊரில் இல்லை. "சரிம்மா, அடுத்த இடத்துல பாத்துக்கலாம்" என்றேன். அம்மா ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வேறொரு ஓட்டல், வாசலில் பெரிய போர்டு, உள்ளே ஏ.சி. அங்கே கழிவறை திறந்திருந்தது, ஆனால் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அம்மா போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் மூன்றாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி வெயிலில் ஐந்து ரதங்கள் அருகே மணலில் அம்மா தள்ளாடினார். தாங்கிப் பிடித்து நிழலில் உட்கார வைத்தோம். உதடு வெடித்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லடா, நீ போய்ப் பாரு. நேரமாவுதுல்ல?" என்றார். என் பட்டியலுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

மீதி மூன்று இடங்களையும் விட்டுவிட்டு வீடு திரும்பினோம். இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டர் அம்மாவைத் திட்டினார்: "தண்ணியும் குடிக்கிறதில்ல, அடக்கியும் வெக்கிறது. இந்த வயசுல இது விளையாட்டா?" அன்று எட்டு மணி நேரத்தில் அம்மா குடித்தது அரை டம்ளர் தண்ணீர். அதுவும் மாத்திரை போட.

நண்பர்களே, நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் குழாய் அளவு நிர்ணயிப்பது என் தொழில். பெற்ற தாய்க்கு அரை டம்ளர்.

அன்றிரவு மனைவியிடம், "அத்தனை பாட்டில் தண்ணி வண்டியில இருந்துச்சே, அம்மா ஏன் குடிக்கல?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நானும்தாங்க குடிக்கல. கல்யாணமான நாள்லேருந்து உங்களோட எந்த டூர்லயும் நான் தண்ணி குடிச்சதில்ல. உங்களுக்கென்ன, வண்டிய ஓரங்கட்டினா முடிஞ்சுது" என்றாள். அதோடு விட்டாளா? மகளுக்கும் "கொஞ்சமா குடி" என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது என்றாள். மூன்று தலைமுறை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன் சீட்டில் இருப்பவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் நம் மூன்றாம் ஆண்டுத் தொழிற்சாலைச் சுற்றுலா ஞாபகம் வந்தது. நம் வகுப்புப் பெண்கள் பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே மாட்டார்கள். "ஒட்டகக் கூட்டம்" என்று கேலி செய்தோம். அவர்களில் சிலர் இன்று இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் மறுபடி அம்மாவை அழைத்துப் போனேன். இந்த முறை ஒரே இடம், மாமல்லபுரம். ஓட்டலில் நுழைந்ததும் மெனு கார்டைக் கேட்கவில்லை. முதலில் மனைவி உள்ளே போய்க் கழிவறையைப் பார்த்து வந்தாள். இரண்டு ஓட்டலை விட்டுவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்தோம். ஏ.சி. இல்லை, சாம்பார் சுமார். ஆனால் கழிவறை சுத்தம், தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அர்ஜுனன் தபசுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பூனை தவம் செய்வதையும், மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிவதையும் அம்மாதான் பேத்திக்குக் காட்டினார். பாறையின் நடுவே ஒரு பிளவு, அதில் நாகர்கள். மேலே தொட்டி வைத்து அந்தப் பிளவு வழியே பல்லவர்கள் நீர் விட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கல்லுக்கே தண்ணி விட்டிருக்கான் பாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்களும் டூர் போடுவீர்கள், பஸ் நிலையம் கட்டுவீர்கள், ஓட்டலுக்கு வரைபடம் போடுவீர்கள். கழிவறையைக் கடைசியில் மிஞ்சிய மூலையில் தள்ளாதீர்கள். தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர் மூன்றும் இருந்தால்தான் அது கழிவறை.

நாளைய ஏற்பாட்டுக் குழுவில் இந்த முறை நானும் இருக்கிறேன். பஸ் நிற்கப் போகும் மூன்று இடங்களையும் போன வாரம் என் மனைவியும் இன்னும் இரண்டு சகோதரிகளும் நேரில் பார்த்து வந்துவிட்டார்கள். ஆகவே தாய்மார்களே, சகோதரிகளே, நாளை பஸ்ஸில் ஏறியதும் பயப்படாமல் பாட்டிலைத் திறந்து வயிறாரத் தண்ணீர் குடியுங்கள். நேரமானால் ஆகட்டும். பல்லவர் கல் எங்கும் போய்விடாது.