மாறும் மொழியும் பழைய நிரலும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், எந்த ஊரில் குடியேறினாலும் முதலில் ஒரு சங்கம் காண்கிறோம். அடுத்து அதற்கொரு கணக்குப் புத்தகம் வைக்கிறோம். இக்காலத்தில் அந்தக் கணக்குப் புத்தகம் பல இடங்களில் வலைத்தளமாகிவிட்டது. உறுப்பினர் பட்டியல், சந்தா, பொங்கல் விழாச் சீட்டு ஆகிய யாவும் விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளின் பொறுப்பில் இருக்கின்றன. அந்த மென்பொருள் எழுதப்பட்ட நிரல்மொழி மாறும்போது என்ன நேர்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்புத் தொழில் பார்ப்பவர்களேயன்றிக் கணினி வல்லுநர் அல்லோம். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச நமக்கொரு கடமை உண்டு. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாம் சார்ந்துள்ள ஒரு தமிழ் அமைப்புக்கு அதன் வலைத்தளத்தைத் தாங்கும் சர்வர் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அதைத் தமிழாக்கித் தரும்படி செயற்குழு நம்மைக் கேட்டுக்கொண்டது. அறிவிப்பில் ‘டிப்ரிகேட்டட்’ என்றொரு சொல் இருந்தது. நாம் அகராதியைப் புரட்டி, ‘விரும்பத்தகாதது’ என்று பெயர்த்துக் கொடுத்தோம். பொருளாளர் படித்துவிட்டு, “விரும்பத்தகாதது என்றுதானே சார் இருக்கிறது? ஓடாது என்று சொல்லவில்லையே!” என்றார். செலவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அச்சொல்லின் உண்மைப் பொருள் வேறு. ‘இன்று இயங்கும், ஆனால் இனி நீக்கப்படும், அதற்குள் மாற்றிக்கொள்க’ என்பதே அது. நம் அமைப்பின் மென்பொருள் பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்டது. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் வெளியிட்ட இம்மொழி, வணிக வலை மென்பொருள்களில் பெருவழக்காயிற்று. மை.எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தோடு பேசுவதற்கு இம்மொழியில் சில பழைய சார்புகள் இருந்தன. 2013-இல் வந்த 5.5 பதிப்பில் அவை ‘டிப்ரிகேட்டட்’ எனக் குறிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டன. ஐந்தாம் வரிசையின் கடைசிப் பதிப்பான 5.6-க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 டிசம்பர் 31-உடன் நின்றன. 2013 முதல் கணக்கிட்டால் அவகாசம் குறைவென்று சொல்ல இயலாது.

நன்றாக இயங்கியதை ஏன் நீக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். படிவத்தில் ஒருவர் எழுதும் பெயரையும், தரவுத்தளத்துக்கு இடப்படும் கட்டளையையும் தனித்தனியே அனுப்பும் வசதி அப்பழைய சார்புகளில் இல்லை. கவனக் குறைவாக எழுதப்பட்ட நிரலாயின், தீயவன் ஒருவன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் கட்டளையையே எழுதி முழுப் பட்டியலையும் கவர்ந்துவிடலாம். புதிய முறைகள் இதற்குக் காப்பு அளித்தன. பழையன விலகிப் புதியன வருவதை நம் இலக்கண நூலாரும் குற்றமாகக் கொள்ளவில்லை அல்லவா? மாற்றம் குற்றமன்று, மாற்றத்துக்கு ஆயத்தமாகாமையே குற்றம்.

2019-இல் ஒரு நாள் சர்வரில் மொழி புதுப்பிக்கப்பட்டது. நம் வலைத்தளம் வெறும் வெள்ளைத் திரையாயிற்று. விற்றவரோ நிரலை எவரும் படிக்க இயலாதபடி மறைகுறியாக்கித் தந்திருந்தார்; எழுதிய கடிதங்களுக்கும் விடை வரவில்லை. அந்த வாரத்தில்தான் உறுப்பினர் ஒருவர் இரவில் காலமானார். உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்ல உதவும் நிதியொன்று நம்மிடம் உண்டு. நிதிக்கு வாக்களித்தவர் யார் யார், அவர்தம் தொலைபேசி எண்கள் எவை என்ற விவரமெல்லாம் அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருந்தன. பொருளாளர் தம் பழைய கையெழுத்துக் குறிப்பேட்டைத் தேடியெடுத்து, நினைவில் இருந்தவர்களையும் சேர்த்து, வீடு வீடாக அழைத்தார். பணம் சேர மறுநாள் மாலையாயிற்று. ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்த அந்த அம்மையார் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நம் நெஞ்சில் பெருங்குறையாகத் தங்கிவிட்டது.

பின்னர் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், தொழிலால் பொறியாளர், தரவுத்தளத்திலிருந்து பட்டியலை மீட்டுத் தந்தார். அவரிடம் கேட்டறிந்தவற்றையும் பின்னர் படித்தறிந்தவற்றையும் சுருக்கிச் சொல்கிறோம்.

நின்றுபோகும் நிரலைவிட, நிற்காமல் வேறு விடை தரும் நிரலே அஞ்சத்தக்கது. பைத்தான் மொழியின் இரண்டாம் வரிசையில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று விடை வரும்; மூன்றாம் வரிசையில் 3.5 என்று வரும். பி.எச்.பி.யில் 0 என்ற எண்ணையும் ‘சந்தா’ என்ற சொல்லையும் சாதாரண ஒப்பீட்டுக் குறியால் ஒப்பிட்டால், முன்பு இரண்டும் சமம் என்று விடை வந்தது. 2020 நவம்பரில் வந்த 8.0 முதல் சமமல்ல என்று வருகிறது. திருத்தம் நியாயமானதே. ஆனால் பழைய விடையை நம்பிக் கணக்கு எழுதியவன் கதி என்ன?

ஆகவே பொறுப்புள்ள விற்பனையாளர் மூன்று காரியங்கள் செய்கிறார். முதலாவது, புதிய பதிப்பு வெளிவருமுன்பே அதன் சோதனைப் பதிப்பில் தம் மென்பொருளை ஓட்டிப் பார்க்கிறார். இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை என்று எழுதிவைத்த சோதனைகள் அதற்கு உதவுகின்றன. இரண்டாவது, எச்சரிக்கைச் செய்திகளை வாயடைக்காமல் பதிவேட்டில் சேர்த்துப் படிக்கிறார். மூன்றாவது, தாம் பிறரிடமிருந்து எடுத்தாளும் துணைநிரல்களும் புதிய பதிப்புக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறார்.

அவர் படும் பாட்டையும் நாம் உணர வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பழைய சர்வரிலும் மற்றொருவர் புதிய சர்வரிலும் இருப்பர். ஒரே நிரல் இருவருக்கும் இயங்க வேண்டும். பைத்தான் மூன்றாம் வரிசை 2008 டிசம்பரிலேயே வந்தது. ஆயினும் இரண்டாம் வரிசையை 2020 ஜனவரி வரை தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இவ்வுழைப்புக்கு ஆண்டுக் கட்டணம் கேட்டால், ‘முன்பே விலை கொடுத்தோமே’ என்று நாம் முகம் சுளிக்கிறோம். வீடு வாங்கியவர் வெள்ளையடிக்கும் செலவை மறுக்கலாமா?

வாங்குவோர் கேட்க வேண்டியவையும் உண்டு. எந்தெந்தப் பதிப்புகளில் இது இயங்கும்? புதிய பதிப்பு வந்தபின் எத்தனை மாதத்தில் ஒத்துவரச் செய்வீர்? கடையை மூடினால் மூலநிரல் யாரிடம் கிடைக்கும்? எங்கள் விவரங்களை எளிய கோப்பாக எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வழி உண்டா? இந்நான்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருத்தல் நலம். 2024-இல் திருத்தப்பட்ட விதிப்படி, பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் முதல் இரண்டாண்டு பிழைத்திருத்தமும் அடுத்த இரண்டாண்டு பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்கும். முடியும் நாள் முன்னரே தெரிவதால், அதைச் சங்கத்தின் நாட்காட்டியில் தேர்தல் நாளைப் போலக் குறித்துவைக்கலாம்.

இப்போது நம் அமைப்பில் மாதந்தோறும் முதல் ஞாயிறன்று உறுப்பினர் பட்டியலை அச்சிட்டுப் பொருளாளரின் இரும்புப் பெட்டியில் வைக்கிறார்கள். நாமும் நம் சொற்குறிப்பேட்டில் ஒரு திருத்தம் செய்துகொண்டோம். ‘டிப்ரிகேட்டட்’ என்பதற்கு எதிரே இருந்த ‘விரும்பத்தகாதது’ என்பதை அடித்துவிட்டு, ‘நீக்கப்படவுள்ளது’ என்று எழுதியிருக்கிறோம். முன்பே அப்படி எழுதியிருந்தால், செயற்குழு நாள் என்றைக்கு என்றாவது கேட்டிருக்கும்.